எனக்கொரு புதிய சைக்கிள் வேண்டும்

ஆசையை அடக்க வேண்டும் என்று மேடையில் நின்று பேசுவது எளிது. கடைவீதியில் நின்று பேசிப் பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும். கல்லூரி விட்டு வீடு திரும்பும் வழியில், புதுக்கோட்டைக் கீழராஜ வீதிப் பக்கம் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு கியர் சைக்கிள் நிற்கிறது. முன்னே மூன்று பற்சக்கரங்கள், பின்னே ஏழு. ஆக இருபத்தொரு கியர். கைப்பிடியில் விரலால் தட்டினால் செயின் ஒரு சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். விலைச் சீட்டில் பதினாறாயிரத்துச் சொச்சம். கடந்த எட்டு மாதங்களாக, வாரத்தில் மூன்று நாளாவது, என் பழைய சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தப் புதிய சைக்கிளைப் பார்த்துவிட்டுத்தான் வீடு போகிறேன். கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால், “இன்னும் விக்கலைம்மா, பயப்படாதே” என்று சிரிக்கிறார்.

நண்பர்களே, அந்த ஆசையை அறுத்தெறிந்துவிட்டேன் என்று எழுதி உங்கள் பாராட்டைப் பெற நான் விரும்பவில்லை. ஆசை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க யோசிக்க, சைக்கிளைப் பற்றியும், அதில் ஏறிச் செல்பவரை நாம் பார்க்கும் பார்வையைப் பற்றியும் சில எண்ணங்கள் எழுந்தன. அவற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

என் ஊர் நகரிலிருந்து எட்டு கிலோமீட்டர். போக எட்டு, வர எட்டு, நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீட்டர். கல்லூரி நடக்கும் நாட்களை மட்டும் கணக்கில் கொண்டால், இந்த இரண்டரை ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் சென்று திரும்புகிற தூரம் அது. ஆனால் நான் கண்டதெல்லாம் ஒரே கண்மாய்க்கரை, ஒரே தைல மரக்காடு, ஒரே ரயில்வே கேட்தான். அதற்காக வருந்தியதில்லை. ஒரே வழியை நாள்தோறும் சைக்கிளில் கடப்பவருக்கு அந்த வழி மாறிக்கொண்டே இருப்பது தெரியும். கண்மாயில் தண்ணீர் வற்றுவதை அங்குலம் அங்குலமாக நான் அறிவேன். எதிர்க்காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை முழங்கால் சொல்லும்.

“பஸ்தான் இலவசமாயிற்றே!”

என்னைக் கேட்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. 2021-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம். அந்தத் திட்டத்தால் எங்கள் ஊரிலிருந்து எத்தனை பெண்கள் வேலைக்குச் சென்றுவர முடிகிறது என்பதை நேரில் கண்டவள் நான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மழை நாளில் நானும் பஸ்ஸில்தான் வருகிறேன்.

ஆனால் பஸ்ஸுக்கு ஒரு நேரம் உண்டு. அது நம்முடைய நேரம் அன்று. எங்கள் ஊருக்குக் காலையில் வரும் வண்டியைத் தவறவிட்டால் முதல் இரண்டு வகுப்புகள் போய்விடும். மாலையில் நூலகத்தில் அரைமணி கூடுதலாக உட்கார்ந்தால், பிறகு இருட்டும் வரை நிறுத்தத்தில் நிற்க வேண்டும். சைக்கிள் இருப்பவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுக் கிளம்பலாம். கட்டணம் இல்லாத பயணம் ஒரு சுதந்திரம் என்றால், காத்திருத்தல் இல்லாத பயணம் மற்றொரு சுதந்திரம். இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

இரண்டாவது கேள்வி கேள்வியாக வருவதில்லை; சிரிப்பாக வரும். “இன்னுமா சைக்கிள்?” பள்ளியில் படித்தபோது எவரும் சிரிக்கவில்லை. பதினோராம் வகுப்பில் எங்கள் வகுப்பு முழுவதுக்கும் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அத்திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஒரே நிறத்தில் நூறு சைக்கிள்கள் பள்ளி வாசலில் வரிசையாய் நின்றபோது, யாருடையது யாருடையதென்றே தெரியாது. நான் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டி வைத்துத்தான் அடையாளம் கண்டேன். இரண்டே ஆண்டுகள்! பள்ளி முடிந்ததும் அந்த நூறு சைக்கிள்களும் எங்கே போயின? சில பழைய இரும்புக்கு. சில தம்பி தங்கையருக்கு. சில மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி துருவேறிக் கிடக்கின்றன. என்னோடு படித்து இக்கல்லூரியில் சேர்ந்தவர்களில் அதே சைக்கிளில் வருபவள் நான் ஒருத்திதான்.

அப்பத்தாவின் சைக்கிள்

சிரிப்பைப் பற்றி என் அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் கல் குவாரியில் உடைகல் உடைத்தவர். எழுபதை நெருங்குகிறார். “என்னைப் பாத்துச் சிரிச்ச சிரிப்புல பாதிகூட இருக்காது ஆத்தா, உன்னையப் பாத்துச் சிரிக்கிறது” என்றார்.

அந்தக் கதை நம் மாவட்டத்தின் கதை. அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கக் கற்பிப்பதே நோக்கம். ஆனால் ஊருக்கு ஊர் சென்று கற்பிக்க வேண்டிய பெண் தொண்டர்கள் எப்படிச் செல்வது? அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே சேர்த்தார். ஒரு பெண்ணால் தனியாக ஓர் இடத்திற்குப் போக முடியவில்லை என்றால், அவள் கற்ற எழுத்து வீட்டு வாசற்படியோடு நின்றுவிடும் என்பதே அதன் பொருள். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். 1992-இல் பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பல தரத்தாரும் அதில் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கு வந்து பார்த்து, 1996-இல் வெளியான தம் நூலில் இதை ஒரு தனிக் கட்டுரையாக்கினார்.

அப்பத்தா கற்றது இரவு நேரத்தில், பள்ளிக்கூட மைதானத்தில், நிலா வெளிச்சத்தில். பிடித்துக்கொள்ள மற்றொரு குவாரிப் பெண். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது அத்தனை கிராக்கி. கிடைத்தது நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். “அதுவும் நல்லதுக்குத்தான். பார்ல உங்கப்பனை உக்கார வெச்சுக்குவேன், கேரியர்ல தண்ணிக் குடத்தைக் கட்டிக்குவேன்” என்பார். ஊரில் ஆண்கள் சிரித்தார்கள். சிலர் கேட்கக் கூசும் சொற்களையும் சொன்னார்கள். எங்கள் தாத்தாவே ஒரு வாரம் பேசவில்லையாம். ஒருநாள் இரவு அவருக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியபோது, கேரியரில் உட்கார வைத்துத் துண்டால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அப்பத்தாதான். அதன் பிறகு தாத்தா அந்தச் சைக்கிளுக்குத் தாமே எண்ணெய் விட்டார்.

இதைக் கேட்டபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அன்று அப்பத்தாவைப் பார்த்துச் சிரித்தது அவர் பெண் என்பதற்காக. இன்று என்னைப் பார்த்துச் சிரிப்பது நான் பெண் என்பதற்காக அன்று. ஸ்கூட்டர் வாங்க வக்கில்லாதவள் என்பதற்காக. ஒரு சிரிப்பை அவர் மிதித்துக் கடந்தார். மற்றொன்றைக் கடக்கும் முறை எனக்கு வந்திருக்கிறது.

பெண் கல்விக்குச் சைக்கிள் செய்யும் உதவி வெறும் உணர்ச்சிப் பேச்சும் அன்று. பீகார் மாநிலத்தில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கினார்கள். அதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தொலைவிலிருந்த ஊர்களில்தான் இந்தப் பயன் மிகுதி.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

சைக்கிளின் இன்றைய உருவத்திற்கு வயது நூற்று நாற்பது. சம அளவான இரு சக்கரம், பின்சக்கரத்தை இழுக்கும் செயின் என்ற அமைப்பை 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி நிலைநாட்டினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு எத்தனையோ இயந்திரங்கள் வந்து போய்விட்டன, இது போகவில்லை. காரணம் இயற்பியல் மாணவருக்குத் தெரியும். 1973-இல் எஸ். எஸ். வில்சன் என்ற பொறியியலறிஞர் கணக்கிட்டுக் காட்டியபடி, குறிப்பிட்ட தூரத்தை நடந்து கடக்கச் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு போதும், சைக்கிளில் கடக்க. விலங்கு, பறவை, இயந்திரம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால், எடைக்கும் தூரத்துக்கும் மிகக் குறைந்த ஆற்றலில் செல்வது சைக்கிளில் ஏறிய மனிதன்தான்.

1974-இல் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் வேறொரு கணக்குப் போட்டார். ஓர் அமெரிக்கர் தம் காரில் செல்லும் நேரத்தோடு, அந்தக் காருக்காகச் சம்பாதிக்கும் நேரத்தையும் கூட்டினார். ஆண்டில் 1,600 மணி நேரம் வந்தது. சென்ற தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு!

பொருளியல் மாணவியாகிய நான் இக்கணக்கை எங்கள் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். என் அண்ணன் இருபது கிலோமீட்டர் தொலைவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சம்பளம் 14,000 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கு மாதத் தவணை 3,800; பெட்ரோல் 2,000. ஆக 5,800. இருபத்தாறு நாள் வேலையில் ஏறக்குறைய பதினொரு நாள், வேலைக்குப் போய்வருகிற வண்டிக்காகவே உழைக்கிறார். என் சைக்கிளுக்கு டயர், டியூப், பிரேக் கட்டை, பஞ்சர், ஓவராயில் எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுச் செலவு அண்ணனின் பத்து நாள் வண்டிச் செலவைத் தாண்டாது.

அதற்காக அண்ணன் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிப்டு முடிந்து இருபது கிலோமீட்டரை மிதித்து வா என்று யாரிடமும் சொல்ல எனக்கு உரிமையில்லை. முதியவர், நோயாளி, தொலைதூரம் செல்பவர் ஆகியோருக்கு எஞ்சின் தேவை. நான் கேட்பது வேறு. மூன்று கிலோமீட்டரிலிருந்து வரும் நண்பனுக்கும் எதற்கு எஞ்சின்? தேவைக்காகவா, அல்லது வாசலில் நின்று சாவியைச் சுழற்றுவதற்காகவா? சென்ற ஆண்டு என் தந்தை எனக்கு ஸ்கூட்டர் வாங்கித் தருவதற்காக அப்பத்தாவின் தண்டட்டியை அடகு வைக்கலாம் என்றார். அப்பத்தாவும் காதைத் தடவியபடி சம்மதித்துவிட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே சாவியை எப்படித் திருகுவது?

கண்ணாடிக்குப் பின்னால்

இனி அந்த நீலச் சைக்கிளுக்கு வருகிறேன். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதல்லவா? அதில் மிச்சம் பிடித்து பதினான்காயிரம் சேர்த்துவிட்டேன். இன்னும் இரண்டு மாதம். ஒருநாள் துணிந்து கடைக்குள் சென்று அந்தச் சைக்கிளைத் தொட்டே பார்த்தேன். ஒரு கையால் தூக்க முடிந்தது. என் உள்ளம் துள்ளியது.

பிறகுதான் கவனித்தேன். கேரியர் இல்லை. மட்கார்டு பெயருக்கு ஒரு துண்டு. செயின் கவர் இல்லை. தாவணியோ சுடிதாரோ உடுத்தியவர் ஏறினால் மாட்டிக்கொள்ளும். டைனமோ இல்லை, விளக்கும் இல்லை. மழையில் இதை ஓட்டினால் முதுகெல்லாம் சேறு வரிசையாகக் கோலம் போடும். “இதெல்லாம் தனியா வாங்கி மாட்டிக்கலாம்மா” என்றார் கடைக்காரர். “இந்த வண்டி வாங்குறவங்க காலையில உடற்பயிற்சிக்கு ஓட்டுறவங்க. கார்ல கொண்டுபோய் இறக்கி ஓட்டுறவங்களும் உண்டு.” இன்னொரு மூலையில் நம் பழைய இனம், கறுப்பு நிறத்து இருபத்தெட்டு அங்குலச் சைக்கிள், பால்காரருக்கும் காய்கறிக்காரருக்குமாக, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே எடையோடு நின்றது.

யோசித்துப் பார்த்தால் நம் நாட்டில் சைக்கிள் இரண்டு வகையாகப் பிரிந்துவிட்டது. ஒன்று, இருப்பவர்க்கு விளையாட்டு. மற்றொன்று, இல்லாதவர்க்கு உதவிப்பொருள். இரண்டுக்கும் இடையில், நாள்தோறும் வேலைக்கும் கல்லூரிக்கும் செல்ல, இலகுவாகவும் உறுதியாகவும், மழைக்கும் இருட்டுக்கும் ஈடுகொடுப்பதாகவும், பார்த்தால் ஆசை வருவதாகவும் ஒரு சைக்கிளை என் கண்ணுக்கு எந்தக் கடையிலும் காணவில்லை. 1949-இல் சென்னையில் சைக்கிள் கம்பெனி தொடங்கி, அம்பத்தூரில் தொழிற்சாலை கண்டு, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களை வீட்டுப் பெயர்களாக்கிய நாடு இது. அந்தக் காலத்து இளைஞர் வேலை கிடைத்ததும் முதலில் வாங்க ஏங்கியது சைக்கிளைத்தான். கல்யாணச் சீரில்கூட அது இடம்பெற்றது. 1951-இல் தோன்றிய அட்லஸ் நிறுவனமோ, 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் சாகிபாபாத் ஆலையில் வேலையை நிறுத்தியது. ஜூன் 3 என்ன நாள் தெரியுமா? ஐக்கிய நாடுகள் சபை 2018-இல் அறிவித்த உலக சைக்கிள் தினம்!

சைக்கிள் ஓட்டுபவர்கள் இல்லாமல் போய்விட்டார்களா என்றால், இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. காரோ ஐந்து குடும்பத்திற்கும் குறைவு. ஆனால் சாலை யாருக்காக அகலமாகிறது? எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தியபோது, நான் ஓரமாகச் சென்றுகொண்டிருந்த மண்பாதை தாருக்குள் போய்விட்டது. வேகம் கூடியது. ஒரு மாலை, மணல் லாரி ஒன்று என் கைப்பிடியை உரசாத குறையாகக் கடந்தது. அன்று இறங்கி அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். அந்த அச்சத்தை இங்கே மறைத்து எழுதினால் உங்களை ஏமாற்றியவளாவேன். “சைக்கிள் ஓட்டுங்கள், உடலுக்கு நல்லது” என்று அறிவுரை கூறுபவர்கள் ஓட்டுபவருக்கு மூன்றடிச் சாலையைத் தர மறந்துவிடுகிறார்கள்.

பாட்டி சைக்கிள் ஓடும் நாடு

“அதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும்” என்பீர்கள். நெதர்லாந்தைக் காட்டுவது வழக்கம். அங்கே மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம். 2010 முதல் 2024 வரை பிரதமராக இருந்த மார்க் ருட்டே அலுவலகத்திற்குச் சைக்கிளில் செல்வதுண்டு. ஆனால் அந்நாடு பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. போருக்குப் பின் அவர்களும் காருக்காகத் தெருக்களை இடித்து அகலமாக்கினார்கள். 1971-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தாய்மார்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. வெறிச்சோடிய பெருஞ்சாலையில் மக்கள் சைக்கிளில் போய்ப் பார்த்தார்கள். அதன் பிறகே தனிப்பாதைகள் வளர்ந்தன. போராடிப் பெற்றதை நாம் இயற்கை என்று எண்ணிக்கொள்கிறோம்.

மற்றொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் அன்றாடம் ஓட்டும், நிமிர்ந்து உட்காரும் சைக்கிளுக்கு அவர்கள் மொழியில் “பாட்டி சைக்கிள்” என்று பெயர். முழு மட்கார்டு, முழுச் செயின் கவர், கேரியர், விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் அதில் உண்டு. படத்தைப் பார்த்தேன். சற்றேறக்குறைய என் அரசு சைக்கிள்தான்! அங்கே அதை மாணவரும் பேராசிரியரும் ஓட்டுகிறார்கள். இங்கே அதைக் கண்டால் நமக்குக் கூச்சம். ஆக, குறை சைக்கிளில் இல்லை.

பெரியவர்கள் இந்தக் கூச்சத்தை அறியாதவர்கள். 1895-இல் திருமணமான மேரி கியூரியும் பியர் கியூரியும், திருமணப் பரிசாக வந்த பணத்தில் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக்கொண்டு தேனிலவு புறப்பட்டார்கள். அதே ஆண்டில் டால்ஸ்டாய் தம் அறுபத்தேழாம் வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றார். நம் கல்லூரியிலும் ஒரு பேராசிரியர் சைக்கிளில்தான் வருகிறார். அவருக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மதிப்புக்குரிய அவரிடம் நம் அனைவர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நானும் முதலாண்டில் சிரித்தவள்தான்.

நம் வாசலில்

பெரிய மாற்றங்களை அரசு செய்யட்டும். நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றை முதல்வர் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, நிழல். நம் கல்லூரிக் கொட்டகையின் சுவரில் “சைக்கிள் நிறுத்துமிடம்” என்று மங்கிய எழுத்து இன்றும் இருக்கிறது. உள்ளே நிற்பவை மோட்டார் வண்டிகள். சைக்கிள்கள் வெளியே வெயிலில். வெயிலில் நின்று நின்று டயர் வெடிப்பு விடுகிறது. மதியம் சீட்டில் உட்கார முடிவதில்லை. அந்த எழுத்துக்கு மரியாதை தந்து, கொட்டகையில் ஒரு பாதியையாவது சைக்கிளுக்கு விட்டுத்தர வேண்டும்.

இரண்டாவது, ஒரு காற்றடிக்கும் பம்பு, இரண்டு ஸ்பானர், ஒரு பஞ்சர் பெட்டி. நாட்டு நலப்பணித் திட்ட அறையில் வைத்தால் போதும். பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரியும். வாரம் ஒருநாள் கற்றுத்தர நான் தயார். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, காயும்வரை பொறுத்து ஒட்ட வேண்டும். பொறுக்காமல் ஒட்டினால் ஒட்டாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பாடம் அது.

மூன்றாவது, விலையில்லாதது. சைக்கிளில் வருபவரைப் பார்த்துச் சிரிக்காதிருத்தல்.

இதை எழுதி முடிக்கும் தறுவாயில் அப்பத்தாவிடம் நீலச் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார்: “வாங்கு ஆத்தா. ஆசைப்பட்டா வாங்கத்தான் வேணும். நானும் கடன் வாங்கித்தான் வாங்குனேன். ஆனா கேரியர் இல்லைங்கிறியே, அப்ப யாரை ஏத்திக்கிட்டுப் போவ?”

அந்தக் கேள்விக்குப் பிறகு என் ஆசை குறையவில்லை. ஆனால் அதற்கு ஓர் உருவம் கிடைத்தது. தேர்வு முடிந்ததும் நான் புதிய சைக்கிள் வாங்குவேன். கியர் இருக்கும். அதோடு கேரியரும், மட்கார்டும், விளக்கும் கேட்டு வாங்கி மாட்டுவேன். கடைக்காரர் சிரித்தாலும் சரி. என் பழைய சைக்கிள் பழைய இரும்புக்குப் போகாது. நூறு நாள் வேலைக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தே சென்றுவரும் என் தாயார் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சிவப்பு நாடாவை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு நான் இக்கல்லூரியில் இருக்க மாட்டேன். அந்தக் கொட்டகையின் நிழலில் நாலு சைக்கிளாவது நின்றால், இம்மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கங்கள் வீணாகவில்லை என்று மகிழ்வேன்.